ராமப்பனின் காற்றுக் கணக்கு

வலது செருப்பைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்க்கிறார் ராமப்பன். செருப்புக்கு உரியவர் பெங்களூரிலிருந்து வந்திருக்கும் ஹரீஷ்குமார். ஒற்றைக் காலில் நின்றபடி தன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். செருப்பின் அடியில் பெருவிரல் படும் இடம் தேய்ந்து வழவழத்துப் போயிருக்கிறது. குதிகால் பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது.

"ஆக்சிலேட்டரை அழுத்துறவங்க வேற, மிதிக்கிறவங்க வேற. நீங்க மிதிக்கிறவரு" என்று செருப்பைத் திருப்பிக் கொடுக்கிறார்.

ஹரீஷ்குமார் தான் கேட்க வந்ததைக் கேட்கிறார். நானூறு குதிரைத்திறன் வேண்டும். ராமப்பன் கடைக்கு எல்லோரும் ஓர் எண்ணோடுதான் வருகிறார்கள்.

"நானூறு எப்ப வேணுங்க? அத்திப்பள்ளி டோல்கேட்டுல நிக்கிறப்பவா?"

செருப்பு பார்ப்பது சாஸ்திரமா, பழக்கமா என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடையில் லேத் வைத்திருக்கும் கங்கப்பன் அதை ஜோசியம் என்றுதான் சொல்கிறார். ஆனால் செருப்பைப் பார்த்த பிறகு ராமப்பன் காரில் ஏறி உட்காருவார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில். சாலை காலியாக இருக்கும் திசையில் அனுப்பமாட்டார். கம்பெனி பஸ்கள் ஷிப்டு மாறும் நேரமாகப் பார்த்து, நெரிசலுக்குள்தான் ஓட்டச் சொல்வார். முக்கால்வாசி நேரம் வண்டி எப்படி ஓடுமோ, அதற்கேற்றபடிதான் டர்போவைப் பொறுக்கியெடுக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

கடை ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், தொழிற்சாலைகளின் பின்சுவர்கள் ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும் ஒரு சந்தில் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. பெயர்ப் பலகை கிடையாது. ராமப்பனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஒடிசலான ஆள், காதோரம் மட்டும் நரை. முன்பு ஒரு தொழிற்சாலையில் இஞ்சின்களைச் சோதனை செய்யும் பிரிவில் இருந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இஞ்சின் கத்த, இந்தப் பக்கம் உட்கார்ந்து முள் நகர்வதைப் பார்க்கும் வேலை. அதை விட்டுவிட்டு வந்து, சாலையில் ஓடும் சாதாரணக் கார்களுக்குச் சக்தி ஏற்றிக் கொடுக்கிறார். அவருக்கென்று கார் இல்லை. கெலமங்கலம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மொபெட்டில் வருகிறார், முன்பக்கம் களி டப்பா தொங்க.

வாடிக்கையாளரோடு போனில் கன்னடம். விளக்கிச் சொல்ல வேண்டியதென்றால் தமிழ். இறுகிப்போன போல்ட்டோடு தனியாக மல்லுக்கட்டும்போது மட்டும் தாய்மொழியான தெலுங்கு வரும். அது நல்ல தெலுங்கு இல்லை என்று கங்கப்பன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்வார். "போல்ட்டுக்கும் ரோசம் இருக்குதுப்பா. கொஞ்சம் மரியாதையாப் பேசு."

கடையில் எந்தக் குழாயின் வாயும் திறந்திருக்காது. கழற்றிய மறு நிமிடம் அதன்மேல் ஒரு சாக்ஸை மாட்டிவிடுவார். அவர் மகள் பள்ளிக்குப் போட்டுப்போய்ச் சின்னதாகிப் போன வெள்ளைச் சாக்ஸ்கள். தொழிலின் தொடக்கத்தில் ஒரு சின்ன நட்டு காற்றுக் குழாய்க்குள் விழுந்தது தெரியாமல் இஞ்சினை முடுக்கியிருக்கிறார். உள்ளே சுழலும் சக்கரம் பொடிப்பொடியாகிவிட்டது. அதிலிருந்து இந்த ஏற்பாடு. பாதி பிரித்த இஞ்சின்கள் வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்தால், பள்ளி மணி அடிக்கக் காத்திருப்பது போலத் தோன்றும்.

டர்போ என்பதை அவர் விளக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். இஞ்சின் வெளியே விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அள்ளி இஞ்சினுக்குள் அழுத்துகிறது. காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பெட்ரோல் கூடினால் இழுவை கூடும். சக்கரம் பெரிதானால் நிறையக் காற்று அள்ளும், ஆனால் சுற்றத் தொடங்க நேரம் பிடிக்கும். கேம் ஷாஃப்ட் வேறொரு தண்டு. அதில் முட்டை வடிவப் புடைப்புகள் இருக்கும். காற்று உள்ளே வரும் கதவும் புகை வெளியே போகும் கதவும் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்த முட்டைகள்தான் முடிவு செய்கின்றன. "டர்போ ஊதுற ஆளு. கேம் கதவைத் திறந்து விடுற ஆளு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்கணுங்க" என்பார்.

ஓசூர்க் காற்றைப் பற்றி அவரிடம் தனியாகவே கேட்கலாம். ஊர் மேட்டில் இருப்பதால் காற்று ஒல்லி. சென்னையில் ஒருவர் காரில் அருமையாக ஓடும் டர்போவை அப்படியே வாங்கி இங்கே மாட்டினால், அதே அழுத்தத்துக்கு அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். வேலை முடித்து எடுத்துப்போனவர்கள் சிலர் கிருஷ்ணகிரிக்கு இறங்கியதும் போன் செய்வார்களாம், வண்டி இன்றைக்கு அற்புதமாகப் போகிறது என்று நன்றி சொல்ல. "கீழ காத்து கெட்டி. அதுக்கு எனக்கு எதுக்குங்க நன்றி" என்று சிரிக்கிறார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது அந்தக் கடையின் பின்மூலையில் தார்ப்பாய் மூடி நின்ற ஒரு காரினால். இரண்டு லிட்டர் பெட்ரோல் இஞ்சின், பழைய மாடல், கருநீலம். என் தம்பி ஸ்ரீராமுடையது. போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தான். விடுமுறை நாட்களில் இந்தச் சந்தில்தான் கிடப்பான். சென்ற ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கார் பிரித்தபடி நின்றுவிட்டது. அவன் ராமப்பனிடம் சொல்லாமல் ஒரு டர்போவையும் ஒரு கேம் ஷாஃப்ட்டையும் வரவழைத்து வைத்திருந்தான். இரண்டு பெட்டிகளும் அவன் அறையில் கட்டிலுக்கடியில் இருந்தன.

அப்பா வெங்கடசாமிக்குக் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு. கார் ஓட்டத் தெரியாது. அவர்தான் அந்தப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஓட்டிய வாடகைக் காரில் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தார்.

ராமப்பன் கையைச் சோப்புத்தூளும் மரத்தூளும் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார். டர்போவின் சக்கரத்தை விரல் நுனியால் சுற்றிவிட்டுக் காதருகே கொண்டுபோனார். கேமை வெளிச்சத்தில் பிடித்து முட்டைகளைத் தடவினார். நல்ல சாமான் என்றார். பிறகு, இரண்டும் இந்த வண்டிக்கு ஆகாது என்றார்.

"எம் பையன் பார்த்துப் பார்த்து வாங்கினதுப்பா" என்றார் அப்பா. "அதைத்தான் போடணும்."

ராமப்பன் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். ஸ்ரீராம் ஒரு பந்தயத்தில் ஜெயித்த காரிலிருந்து டர்போவின் பெயரைத் தெரிந்துகொண்டிருக்கிறான். டர்போவே இல்லாத வேறொரு பந்தயக் காரிலிருந்து கேமின் பெயரை. அந்தந்த வண்டியில் அவை ராஜாக்கள். அந்தக் கேம் காற்றுக் கதவையும் புகைக் கதவையும் கொஞ்ச நேரம் ஒன்றாகவே திறந்து வைத்திருக்கும். டர்போ இல்லாத பந்தய இஞ்சினுக்கு அது நல்லது. இங்கேயோ, பெரிய டர்போவைச் சுற்ற முடியாமல் முக்கிக்கொண்டு நிற்கும் புகை, திறந்திருக்கும் கதவு வழியாகத் திரும்பி உள்ளேயே வந்துவிடும். இஞ்சின் தான் விட்ட மூச்சையே மறுபடி இழுக்கும்.

அப்பாவுக்கு இதில் எதுவும் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை. லேத்தை நிறுத்திவிட்டு வந்த கங்கப்பன் அவர் பக்கம் பேசினார். "போட்டுக் குடேம்ப்பா. யாரு அதுல பறக்கப் போறாங்க? வீட்டு முன்னாடி நிக்கும். பெரியவரு மனசு ஆறும்."

"நிறுத்தி வெக்கிற வண்டிக்கு டர்போ எதுக்கு? நல்ல கவரா ஒண்ணு வாங்கிப் போடலாமே" என்றார் ராமப்பன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். பெட்டிகளை எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையை முடித்துக்கொண்டு அவராகவே பஸ் ஏறி வந்தார். ஓசூரில் என் அலுவலகம் விட்டு நான் போனபோது, எப்போதும் ஸ்பேனர்கள் குவிந்து கிடக்கும் நாற்காலி துடைக்கப்பட்டு மின்விசிறிக்கு நேராகப் போடப்பட்டிருந்தது. அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. அதன்பின் வெள்ளிக்கிழமைகள் அப்படியே போயின. ராமப்பன் மாம்பூவில் சாம்பல் நோய் எப்படி என்று கேட்பார். அப்பா இந்தச் சாக்ஸ் எதற்கு என்று கேட்பார். கருநீலக் காரைப் பற்றி இருவரும் பேசவில்லை. ராமப்பன் அதைத் தொடவும் இல்லை, வேண்டாமென்று தள்ளவும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை தார்ப்பாயை எடுத்து உதறி மறுபடி மூடுவார்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா வந்த பஸ் மேலுமலை ஏற்றத்தில் கிரானைட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. தாமதமாக வந்த எரிச்சலில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், யாரிடம் என்றில்லாமல் தொடர்ந்தார்.

"இதைத்தான் அவன் சொல்லுவான். வண்டியை இங்க விட்டுட்டு வந்த அன்னைக்கு, சோத்துல கைய வெச்சுக்கிட்டே சொன்னான். அப்பா, மேலுமலை ஏத்தத்துல லாரி பின்னாடி போய்க்கிட்டே, கியரு மாத்தாம, அஞ்சாவது கியர்லயே லேசா அழுத்துவேன். உன் முதுகைச் சீட்டோட சேத்து வெச்சு அமுக்கிக்கிட்டு மேல ஏறும் பாருன்னான்."

ராமப்பன் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "அஞ்சாவது கியர்லன்னுதான் சொன்னாருங்களா?"

"அஞ்சாவது கியருன்னுதான்."

அவர் பெட்டியைத் திறந்து அந்தப் பெரிய டர்போவை மேசைமேல் வைத்தார். லாரி ஊர்ந்து போகும் வேகத்தில் ஐந்தாவது கியரில் இஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுற்றும், இந்தச் சக்கரம் விழித்துக்கொள்ள அது எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று விரல்களை மேலும் கீழும் வைத்துக் காட்டினார். நடுவில் நிறைய இடைவெளி இருந்தது. "இது கண்ணு முழிக்கிறப்ப நீங்க சூளகிரி தாண்டியிருப்பீங்கய்யா." அப்பா சிரிக்கவில்லை. ராமப்பனும் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"அவரு சொன்ன சொல்லு வேணுங்களா, அவரு வாங்கின சாமான் வேணுங்களா? ரெண்டும் ஒரே வண்டியில வராதுங்கய்யா. நீங்கதான் சொல்லணும்."

அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார். அடுத்த வாரம் நாற்காலியில் உட்கார்ந்த உடனே கேட்டார், குரல் கொஞ்சம் இறங்கி: "எம் பையனுக்கு விவரம் பத்தலையாப்பா?"

இத்தனை வாரமும் அவர் அந்தச் சந்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது இந்தக் கேள்வியோடுதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்டிகளைத் திருப்பி எடுத்துப்போனால், மகன் செய்த கடைசிக் காரியம் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"விவரம் இருந்ததாலதாங்க தேடிப் புடிச்சு வாங்கியிருக்காரு" என்றார் ராமப்பன். "ரெண்டும் ஒசத்தி. ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலை, அவ்வளவுதான். நான் மொதல்ல கட்டின வண்டிக்கும் இப்பிடித்தான் போட்டேன். கங்கப்பனைக் கேளுங்க. தள்ளிக்கிட்டு வந்தது அவன்தான்."

"பாகலூர் ரோட்டுலேர்ந்து தள்ளினேன்" என்றார் கங்கப்பன் சுவருக்கு அப்பாலிருந்து. "மழை நாளு வந்தா இன்னும் முதுகு சொல்லுதுங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. அவன் சொன்னதைச் செய்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ராமப்பன் வேலை செய்வதை நான் முழுதாகப் பார்த்தேன். முதலில் காற்றுக் கணக்கு. இந்த இஞ்சின் எந்த வேகத்தில் எவ்வளவு காற்று குடிக்கும் என்று புள்ளிகள் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு டர்போவுக்கும் அதைச் செய்பவர்கள் தரும் வரைபடத்தின்மேல் அந்தப் புள்ளிகளை வைத்தார். மலையின் உயரங்களைக் காட்டும் படம் போல, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். நடு வளையத்தைத் தீவு என்கிறார். புள்ளிகள் தீவுக்குள் விழ வேண்டும். இடது பக்கம் ஒதுங்கினால் டர்போவுக்கு விக்கல் வரும், வலது பக்கம் ஓடினால் மூச்சு முட்டும். எல்லாப் புள்ளிகளையும் ஓசூருக்காகக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். மேலுமலை ஏற்றத்துக்கு ஒரு புள்ளியைத் தனியாக வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். பல படங்களைத் தள்ளி வைத்த பிறகு ஒரு சின்ன டர்போவின் தீவில் அந்த வட்டம் உட்கார்ந்தது.

அது முடிவான பிறகே கேமுக்குப் போனார். இரண்டு கதவுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவாக இருக்கும்படி சொல்லி, கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் அரைத்து வாங்கினார். முட்டைகள் ஸ்ரீராம் வாங்கியதைவிடக் குட்டையாக இருந்தன. அப்பா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை குதிரை குறையும் என்று கேட்டார். நூறு குறையும், முந்நூறு தேறும் என்றார் ராமப்பன்.

"முந்நூறுக்கே கொள்ளு வாங்கி மாளாதுங்கய்யா" என்றார் கங்கப்பன். அன்றுதான் அப்பா அந்தக் கடையில் முதல் முறையாகச் சிரித்தார். ஸ்ரீராம் வாங்கிய கேமில் துருப்பிடிக்காதபடி ராமப்பன் எண்ணெய் தடவி, துணி சுற்றி, டர்போவோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தார். அப்பா அதை ஊருக்கு எடுத்துப்போய் மறுபடி கட்டிலுக்கடியிலேயே வைத்துவிட்டார்.

மாங்காய் இறங்கத் தொடங்கிய நாட்களில் வண்டி தயாரானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில். பின் இருக்கையில் ராமப்பன், மடியில் மடிக்கணினியும், இஞ்சின் கணக்கைப் பார்க்க அதிலிருந்து முன்பக்கம் ஓடிய ஒரு வயருமாக. கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கி, குந்தாரப்பள்ளிப் பாலத்தடியில் திரும்பி, மேலுமலையை நோக்கி வந்தோம். ஏற்றத்தின் அடியில் ஒரு லாரி, கிரானைட் பலகைகளோடு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அதன் பின்னால் போய், அதன் வேகத்துக்கு வந்தேன். கியர் ஐந்தில் இருந்தது. சாதாரணமாக நான்காவதற்கோ மூன்றாவதற்கோ இறக்கும் இடம். கை தானாகக் கியர் பக்கம் போனது.

"வேண்டாங்க. அப்பிடியே விடுங்க. லேசா அழுத்துங்க, மிதிக்க வேண்டாம்" என்றார் ராமப்பன் பின்னாலிருந்து.

அழுத்தினேன். இஞ்சின் ஒரு கணம் யோசித்தது போல இருந்தது. பிறகு எங்கோ மெலிதாக ஒரு விசில் எழுந்து, சத்தம் போடாமல், அவசரம் காட்டாமல், கார் எங்களைப் பின்னால் அழுத்திக்கொண்டு ஏறியது. லாரி பக்கவாட்டில் வந்து, பின்னால் போய்விட்டது. அப்பாவின் முதுகு இருக்கையோடு ஒட்டியிருந்தது. கையால் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. மேட்டின் உச்சி வரும்வரை முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதானா?" என்றார்.

"இதாங்கய்யா" என்றார் ராமப்பன்.

கொஞ்ச தூரம் போனதும், இன்னொரு தரம் போகலாமா என்று அப்பா என்னைக் கேட்டார். நான் திருப்பத்துக்கு இடம் தேடித் திருப்பி, மறுபடி கீழே இறங்கி, மறுபடி ஏற்றத்தின் அடிக்கு வந்தேன். ராமப்பன் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ஏதோ பழுது என்று நினைத்தேன். அவர் வயரைக் கழற்றிச் சுருட்டி, மடிக்கணினியை மூடி, இறங்கிக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு நிக்கிறேன்."

அப்பா ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் கேட்காதது போலக் கதவை மெதுவாகச் சாத்தினார். அந்த இடத்தில் டீக்கடை கிடையாது. சாலை நடுவில் அரளிச் செடிகளும் இந்தப் பக்கம் உழுது போட்ட நிலமும்தான். மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் கண்டக்டர் தட்டுவது போலக் காரின் கூரையை உள்ளங்கையால் தட்டி, "ரைட்" என்றார்.